வலது பேக்: எஸ். குணாளனை வாசித்தல்

2010 டிசம்பர் 18-ஆம் தேதி இரவு, ஹனோயில் மலேசியாவும் வியட்நாமும் ஆடிய அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம் 0-0 என்று முடிந்தது. நான் அப்போது படிவம் ஒன்று முடித்துவிட்டு விடுமுறையில் இருந்தேன். மாசாயில் எங்கள் தாமானுக்கு வெளியே இருக்கும் மாமாக் கடையில் வெள்ளைத் துணி கட்டி ஆட்டத்தைப் போட்டிருந்தார்கள். கடைசி விசில் ஊதியதும் பக்கத்து மேசைக்காரர் ஒருவர், "ஜெயிச்சாச்சு, ஆனா செம்ம போர் லா" என்று சொல்லிவிட்டுக் காசு கொடுக்கப் போனார். என் மாமா நாற்காலியை விட்டு எழவில்லை. ஆறிப்போன தே தாரேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "இதாண்டா ஆட்டம்" என்றார். எனக்கும் போர்தான் அடித்திருந்தது. சொல்லவில்லை.

மாமா அம்மாவின் அண்ணன். தோட்டத்து அணியில் ஸ்டாப்பராக ஆடியவர். தோட்டத்தை விற்று, லயத்தை இடித்து, பாடாங் இருந்த இடத்தில் இரண்டு வரிசைக் கடைவீடுகள் வந்தபிறகு லாரி ஓட்டப் போனவர். அவர் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று புரிய எனக்கு ஏழெட்டு வருஷம் ஆனது. இந்தக் கட்டுரை எஸ். குணாளனைப் பற்றியது. ஆனால் எங்கே தொடங்கினாலும் மாமாவிடம்தான் போய் நிற்கிறேன், மன்னிக்கவும்.

அந்த ஆட்டத்துக்குப் பதினேழு நாள் முன்னால், டிசம்பர் 1-ஆம் தேதி, ஜகார்த்தாவில் இதே அணி இந்தோனேசியாவிடம் 1-5 என்று அடி வாங்கியிருந்தது. பயிற்றுநர் கே. ராஜகோபால். நாளிதழ்கள் கிழித்துத் தொங்கவிட்டன. அடுத்த நான்கு ஆட்டங்களில் அந்த அணி விட்ட கோல் ஒன்றே ஒன்று. தாய்லாந்துடன் 0-0, லாவோசுடன் 5-1, புக்கிட் ஜாலிலில் வியட்நாமுடன் 2-0, பிறகு ஹனோய் 0-0. அதன்பின் இறுதியாட்டத்தில் அதே இந்தோனேசியாவை புக்கிட் ஜாலிலில் 3-0 என்று வென்று, ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்று, மொத்தக் கணக்கில் 4-2 என்று சுசுகி கிண்ணத்தைக் கொண்டுவந்தார்கள். இன்று யாரிடம் கேட்டாலும் அந்த டிசம்பர் என்றால் சாஃபி சாலிதான். ஐந்து கோல் அடித்தார், நியாயம்தான். ஹனோய் ஆட்டத்தைக் கேட்டால் யோசிப்பார்கள். கோல் விழாத ஆட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ள நமக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

அந்த அணியில் குணாளன் வலது விங். 1986-இல் பிறந்தவர், நெகிரி செம்பிலான் ஆட்டக்காரர். அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் முதலில் எழுதிய சொல் வேகம். இரண்டாவதாக எழுதிய சொல்லும் வேகம். ரோமன் எழுத்தில் அவர் பெயரில் ஒரு 'ன்' கூடுதலாக இருக்கும். தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் 'குணன்லன்' என்று நாக்கைச் சுழற்றுவார்கள். நம்மில் பாதிப்பேரின் அடையாள அட்டையில் இப்படி ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருப்பதால் அது எங்களுக்கு வித்தியாசமாகப் படவில்லை. வகுப்பில் நாங்கள் அவரைச் சரியாகவே கூப்பிட்டோம்.

அவருடைய தொழில் வாழ்க்கையைச் சுருக்கினால் மூன்று சட்டைகள். முதலில் நெகிரி செம்பிலான். அங்கே இருந்தபோது 2009-இல் மலேசியக் கிண்ணம் (61 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மாநிலத்துக்குக் கிடைத்தது), 2010-இல் எஃப்.ஏ. கிண்ணம், 2011-இல் மறுபடி மலேசியக் கிண்ணம். பிறகு சிலாங்கூரில் இரண்டு பருவம். 2014-இல் ஜொகூர் டாருல் தாஜிம், நாங்கள் சொல்வது ஜேடிடி. அங்கேதான் முப்பதுகளின் நடுப்பகுதி வரை இருந்தார். 2014-இலிருந்து ஜேடிடி எந்த ஆண்டும் சூப்பர் லீக்கை விட்டதில்லை. ஆகவே அவர் அங்கே இருந்த ஒவ்வோர் ஆண்டும் லீக் கிண்ணம். 2015-இல் துஷான்பேயில் இஸ்திக்லோல் அணியை 1-0 என்று வென்று ஏஎஃப்சி கிண்ணத்தை எடுத்த முதல் தென்கிழக்காசிய கிளப் ஆனது ஜேடிடி.

இவ்வளவு கிண்ணம் வைத்திருப்பவரைப் போய்ச் சாதாரணத் தொழிலாளி ஆட்டக்காரர் என்று எப்படிச் சொல்வாய் என்று கேட்கலாம். கிண்ணத்தை எண்ணினால் அவர் ராஜா. ஆனால் அவர் பெயரில் சுவரொட்டி இல்லை, பாட்டு இல்லை. மாசாய் கடைகளில் தொங்கும் ஜேடிடி சட்டைகளின் முதுகில் சாஃபிக் ரஹிம் பெயரைப் பார்த்திருக்கிறேன், சஃபாவி பெயரைப் பார்த்திருக்கிறேன், அர்ஜென்டினாக்காரர்களின் பெயரை நிறையவே பார்த்திருக்கிறேன். குணாளன் பெயர் போட்ட சட்டையை ஒரே ஒருவர் போட்டிருந்ததைப் பார்த்தேன். என் மாமா. தனியாகக் காசு கொடுத்து அச்சடித்தது, கழுவக் கழுவ எழுத்து உரிந்துகொண்டிருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜேடிடியில் குணாளன் விங் ஆடியதைவிட வலது பேக் ஆடியதே அதிகம். வேகமான விங்கர்களைப் பின்னுக்கு இழுத்து பேக் ஆக்குவது உலகம் முழுக்க நடக்கிறது. நடக்கும்போதெல்லாம் ரசிகர்கள் அதை ஒரே மாதிரிதான் வாசிக்கிறார்கள்: வயசாகிவிட்டது, கோல் அடிக்க முடியவில்லை, பாவம் பின்னால் நிறுத்திவிட்டார்கள். நானும் அப்படித்தான் வாசித்தேன். படிவம் ஐந்தில், எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில், முகநூலில் ஒரு நீண்ட பதிவு எழுதினேன். 'குதிரையை வாங்கி வாசலில் கட்டிப் போட்டிருக்கிறார்கள்' என்று ஒரு வரி அதில் உண்டு. நாற்பது சொச்சம் லைக் வந்தது. அந்த வயதில் அதுவே எனக்கு இலக்கிய விருது.

மாமாவிடம் படித்துக் காட்டினேன். "நல்லா எழுதியிருக்க. ஆனா நீ ஆட்டம் பாக்கல" என்றார்.

அடுத்த ஜேடிடி ஆட்டத்துக்கு லார்க்கின் அரங்கத்துக்கு மோட்டாரில் கூட்டிப் போனார். மாசாயிலிருந்து பாசீர் கூடாங் நெடுஞ்சாலை வழியாகப் போனால் அரை மணிநேரம், கூட்ட நாளில் ஒரு மணிநேரம். வலது பேக் நமக்குக் கிட்டே வருகிற பக்கமாகப் பார்த்து உட்கார வைத்தார். "பந்தப் பாக்காத. அவன் தலையப் பாரு. எத்தன தடவ தோளுக்குப் பின்னால திரும்பிப் பாக்கிறான்னு எண்ணு." எண்ண ஆரம்பித்தேன். இருபதைத் தாண்டவில்லை, பந்து என் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி போய்விட்டது. நாற்பத்தைந்து நிமிடம் பந்தைப் பார்க்காமல் ஒரு மனிதரை மட்டும் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். இரண்டாம் பாதியில் பேக் எதிர்ப்பக்கம் போய்விடுவார். மாமா எழுந்து இடம் மாறப் பார்த்து, பாதுகாவலரிடம் திட்டு வாங்கி, திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அன்றும் பிறகு பல ஆட்டங்களிலும் நான் பார்த்தது இது. தாக்குதல் எதிர்ப்பக்கத்தில் நடக்கும்போது வலது பேக் கோடு பக்கம் நிற்பதில்லை. உள்ளே நகர்ந்து, கோலின் தூரக் கம்பத்துக்கு நேராக வந்து நிற்கிறார். அப்போது அவர் இரண்டைப் பார்க்க வேண்டும்: பந்து முன்னால், அவர் காவல் காக்கும் ஆள் பின்னால். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. அதனால்தான் அந்தத் தலை திருப்பல். ஒரு தடவை திரும்பாமல் விட்டால் முதுகுக்குப் பின்னாலிருந்து ஆள் முளைத்துத் தலையால் தட்டிவிட்டுப் போவான். ஒழுங்காகத் திரும்பிப் பார்த்துச் சரியான இடத்தில் நின்றால் அந்தப் பந்தே அங்கே வராது. பந்து வைத்திருப்பவன் அங்கே ஆள் நிற்பதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விடுவான். அதாவது பேக் செய்த வேலைக்குச் சாட்சியே கிடையாது. எதிராளி மனதில் தோன்றி அழிந்த ஒரு யோசனைதான் அவருடைய சாதனை.

இனி வேகம். விங்கரின் வேகம் கைதட்டலை நோக்கி ஓடுகிறது. பேக்கின் வேகம் பெரும்பாலும் தன் கோலை நோக்கி, முதுகைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டு. ஆனால் வேகமான பேக் கொடுக்கும் நிஜமான லாபம் அவர் ஓடாதபோதுதான். பின்னால் போடும் பந்தைத் துரத்திப் பிடிக்க ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில் மொத்தத் தற்காப்பு வரிசையும் சில அடி முன்னேறி நிற்க முடிகிறது. வரிசை முன்னேறினால் நடுத்திடல் சுருங்குகிறது. சுருங்கினால் பந்து சீக்கிரம் திரும்பக் கிடைக்கிறது. ஜேடிடி எதிரணிகளை அவர்கள் பாதிக்குள்ளேயே அடைத்து வைத்து ஆடிய அந்த ஆண்டுகளின் ஆட்டத்தில் இதற்கு ஒரு பங்கு உண்டு. முன்னால் தெரிந்தது சாஃபிக் ரஹிமின் காலும் அர்ஜென்டினாக்காரர்களின் காலும். முகநூலில் நான் குதிரை என்று எழுதினேனே, அந்தக் குதிரை வாசலில் நின்றதால்தான் வீட்டுக்காரர்கள் தைரியமாக வெளியே போனார்கள்.

ஒருவனை நேருக்கு நேர் சந்திக்கும்போது குணாளன் சீக்கிரம் காலை நீட்ட மாட்டார். உடம்பைப் பாதி திருப்பி, கொஞ்சம் உள்பக்கமாக நின்று, கோட்டோரத்தைத் திறந்து விடுவார். வா, இந்தப் பக்கம் போ என்று வழி காட்டுவது மாதிரி இருக்கும். அவன் போவான். போகப் போக இடம் குறையும், கோலுக்கான கோணம் குறையும், கடைசியில் ஒரு சப்பையான குறுக்குப் பந்து அல்லது ஒரு த்ரோ. பல வருடம் விங்கராக ஆடியவருக்கு எதிரே வரும் விங்கர் எந்த நொடியில் தலையைக் குனிந்து பந்தைப் பார்ப்பான் என்று தெரியும். தானே செய்ததுதானே. அந்த நொடிக்காகத்தான் காத்திருப்பார். பழைய தொழிலின் அறிவைப் புதிய தொழிலுக்கு மாற்றிக்கொண்டார் என்பது என் வாசிப்பு. அதைச் சரிவு என்று எழுதியது என் வாசிப்பின் குறை.

அவரிடம் குறை இல்லாமலில்லை. முன்னேறிப் போய் அவர் போடும் குறுக்குப் பந்து பத்தில் மூன்றுதான் உருப்படும் என்பது என் நீண்ட கால மனத்தாங்கல். லீக்கில் ஜேடிடியை எதிர்க்க ஆளே இல்லாதபோது அதன் தற்காப்பு எவ்வளவு சோதிக்கப்பட்டது என்ற கேள்வியும் நியாயமானது. அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பதில் 2019-இல் கிடைத்தது. ஜேடிடி முதல் முறையாக ஆசிய சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றில் ஆடியது. ஆறு ஆட்டம், நான்கு புள்ளி, குழுவில் கடைசி இடம். ஆனால் தோற்ற நான்கில் மூன்று ஒரே கோல் வித்தியாசம். நடப்பு வெற்றியாளரான ஜப்பானின் கஷிமா ஆண்ட்லர்ஸை லார்க்கினில் 1-0 என்று வென்றார்கள். சாஃபிக் அஹ்மாட் அடித்த கோல் ஊருக்கே மனப்பாடம். கஷிமா அடிக்காமல் விட்டதைப் பற்றி ஒரு வரி படித்த ஞாபகம் இல்லை.

நம் பார்வை மட்டும் இப்படி என்று சொல்லமாட்டேன். பாலோன் டோர் விருதை இதுவரை வாங்கிய தற்காப்பு ஆட்டக்காரர்கள் மூன்றே பேர்: பெக்கன்பாவர் (1972, 1976), சமர் (1996), கன்னவாரோ (2006). முதல் இருவரும் பின்னாலிருந்து பந்தோடு முன்னேறிப் போய் ஆட்டத்தை நடத்தியதற்காகப் பேசப்பட்டவர்கள். நின்று காத்ததற்காக மட்டுமே வாங்கியவர் என்றால் கன்னவாரோவைத்தான் சொல்ல வேண்டும், அதற்கும் உலகக் கிண்ணம் தேவைப்பட்டது. இணையத்தில் எந்த ஆட்டக்காரர் பெயரைத் தட்டினாலும் முதலில் வருவது ஓர் அட்டவணை. ஆண்டு, அணி, ஆடிய ஆட்டங்கள், அடைப்புக்குறிக்குள் கோல். பேக் ஒருவரின் பத்து வருட உழைப்பு அதில் அடைப்புக்குறிக்குள் ஒரு பூஜ்யமாகவோ ஒன்றாகவோ நிற்கும். அவர் தடுத்ததற்குப் பத்தி இல்லை.

தற்காப்பு ஆட்டக்காரர்களை நாடே உற்றுப் பார்த்த ஒரு நாள் உண்டு. 2015 செப்டம்பர் 3, அபு டாபி. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் 0-10. மறுநாள் பள்ளிக்கூடப் பையன் முதல் பசார் மாலாம் வியாபாரி வரை எல்லோரும் தற்காப்பு நிபுணர்கள். யார் எங்கே நின்றிருக்க வேண்டும், யார் ஆளை விட்டார்கள், எல்லாம் பேசினார்கள். பத்து கோல் விழுந்தால்தான் அந்த வேலை இருப்பதே தெரிகிறது.

நான் பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளன். எங்கள் வாசலில் ஒரு பலகை இருக்கிறது, 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி எண் மாற்றிக்கொண்டே வருவார்கள். நடக்காததை எண்ணும் ஸ்கோர்போர்டு என்று நான் பார்த்தது அது ஒன்றைத்தான். பம்ப் ஒன்றின் அதிர்வு கொஞ்சம் ஏறியிருப்பதைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வந்து பேரிங் மாற்றினால் திங்கட்கிழமை யாருக்கும் எதுவும் தெரியாது. மாற்றாமல் விட்டுப் பம்ப் நின்றால் மேலாளர் முதல் பத்து பேர் வந்து சுற்றி நிற்பார்கள், அப்போது ஓடி ஓடிச் சரி செய்தால் பாராட்டு மின்னஞ்சல் கூட வரும். 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் யாரோ ரசாயனக் கழிவைக் கொட்டி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மூச்சுத் திணறி மருத்துவம் பார்க்க நேர்ந்து, பாசீர் கூடாங்கில் 111 பள்ளிகளை மூடினார்கள். ஜேடிடியின் முதல் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் நடந்த அதே மாதம். ஸ்கூடாயில் விடுதியில் இருந்த நான் ஒரு கைப்பேசியில் ஆட்டத்தையும் இன்னொன்றில் வீட்டிலிருந்து வரும் செய்திகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு கொஞ்ச நாள் எல்லோரும் கழிவு மேலாண்மை பேசினார்கள். இந்த ஒப்பீட்டை இதற்கு மேல் இழுத்தால் பிய்ந்துவிடும். பம்ப் என்னை ஏமாற்ற முயற்சி செய்யாது. எதிரே வரும் விங்கர் அதைத்தான் தொண்ணூறு நிமிடமும் செய்கிறான்.

இன்னொரு பார்வைக் குறையையும் சொல்ல வேண்டும். இது நம்மவர்களுடையது. மலேசியத் தமிழர்கள் காற்பந்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் பேச்சு ஒப்பாரிக்குப் போய்விடும். எம். சந்திரன், வி. கிருஷ்ணசாமி, ஆர். ஆறுமுகம் என்று பெயர்கள் வரும், அப்புறம் ஒரு பெருமூச்சு, "இப்ப யாரு இருக்கா?" பெருமூச்சு பொய் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பாடாங் போனது, பாடாங் போனபோது அணி போனது. எங்கள் வீட்டிலேயே அதற்கு ஆள் இருக்கிறது. ஆனால் இந்தப் பெருமூச்சில் ஆட்டக்காரர் வெறும் தலைக்கணக்கு ஆகிவிடுகிறார். குணாளனைப் பற்றி நம் கூட்டங்களில் நான் கேட்டதெல்லாம் 'தேசிய அணியில் நம்ம பையன்', 'ஜேடிடியில் நம்ம ஆள் ஒருத்தர்' என்பதுதான். அவர் என்ன ஆடினார், எப்படி நின்றார் என்று ஒருவரும் சொல்லவில்லை. பதினொன்றில் ஒன்று என்று எண்ணிவிட்டு அடுத்த பெருமூச்சுக்குப் போய்விட்டோம்.

அந்தப் பட்டியலின் முதல் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். எம். சந்திரன் தற்காப்பு ஆட்டக்காரர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசிய அணியின் தலைவர். அங்கே மலேசியா அமெரிக்காவை 3-0 என்று வென்றது, மேற்கு ஜெர்மனியிடம் 0-3, மொரோக்கோவிடம் 0-6 என்று தோற்றது. மேற்கு ஜெர்மனியை அவர்கள் ஊரிலேயே, மியூனிக்கிலேயே எதிர்கொண்டு மூன்றோடு நிறுத்திய ஒரு தற்காப்பு எப்படி ஆடியிருக்கும்? சந்திரன் பெயரைப் பெருமையாகச் சொன்ன யாரிடமும் இதற்குப் பதில் இல்லை. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "பெரிய ஆளுப்பா" என்பார்கள்.

ஆறுமுகத்துக்காவது ஒரு படம் கிடைத்தது. 2016-இல் வந்த 'ஓலா போலா'வில் கோல்காவலர் முத்து, ஆறுமுகத்தை நினைத்துச் செய்த பாத்திரம். அந்தப் படத்தின் அணித்தலைவர் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர், 'தவ்கே' என்று அழைக்கப்பட்ட சோ சின் ஆனை வைத்து எழுதியது. மலேசியாவுக்காக மிக அதிகமான ஆட்டங்கள் ஆடியவர் அவர்தான். ஸ்டாப்பரைக் கதாநாயகனாக வைத்ததற்காகவே அந்தப் படத்தை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் சினிமாவுக்கு உச்சக்கட்டம் வேண்டும், உச்சக்கட்டத்துக்குக் கோல் வேண்டும். 1980-இல் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை வென்ற நிஜ ஆட்டத்திலும் ஜேம்ஸ் வோங் அடித்த கோல்தான் கதையாக நின்றது. 2-1 என்ற கணக்கில் அந்த 'ஒன்று' இரண்டாகாமல் பார்த்துக்கொண்டவர்கள் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் ஆறுமுகமும். மாமா படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "ஸ்டாப்பர் ரொம்ப பேசுறான்" என்று மட்டும் சொன்னார்.

என் வயதுக்காரர்கள் எழுதும் சிறுகதைகளில் பந்து வந்தாலும் இப்படித்தான் இருக்கிறது. ஒன்று, கோல் அடித்து ஊர் தூக்கிக் கொண்டாடிய பையன். இல்லையென்றால், ஒரு காலத்தில் கோல் அடித்து இப்போது குடித்துக்கொண்டிருக்கும் பெரியவர். நானும் ஒன்று எழுதிப் போட்டிக்கு அனுப்பியிருக்கிறேன், இரண்டாம் வகை. அதில் வரும் பெரியவருக்கு மாமாவின் சாயலைக் கொடுத்துவிட்டு, ஸ்டாப்பராக இருந்தவரை ஸ்ட்ரைக்கர் ஆக்கியிருந்தேன். ஏன் மாற்றினேன் என்று அப்போது யோசிக்கவே இல்லை. கதைக்கு அதுதான் சரி என்று தோன்றியது. இன்று அந்தக் கதையை எடுத்துப் படித்தால், பெரியவர் வீணாய்ப்போனதற்கு அழுகை வருகிறதே தவிர அவர் எப்படி ஆடினார் என்று ஒரு வரி இல்லை. மாமா குடித்து வீணாய்ப்போகவுமில்லை. அறுபது வயது வரை லாரி ஓட்டி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அதை எழுத எனக்குத் தெரியவில்லை என்பதுதான் நிஜம். எதுவும் கவிழாத ஒரு வாழ்க்கையில் கதை எங்கே இருக்கிறது?

நம் லீக்கில் பெரும்பாலான பேக்குகளின் வாழ்க்கை குணாளனுடையதைப் போல மூன்று சட்டையில் அடங்குவதில்லை. ஒன்றிரண்டு ஆண்டு ஒப்பந்தம், பருவம் முடிந்ததும் வேறு மாநிலம், வேறு வாடகை வீடு. சம்பள பாக்கிச் செய்தி இல்லாமல் ஒரு பருவம் போனதாக எனக்கு நினைவில்லை. அவர்களில் பலரைப் பற்றி எழுத எனக்குத் தகவலே கிடையாது, அவர்களை யாரும் பார்த்து எழுதி வைக்கவில்லை. குணாளனைப் பார்க்க எனக்கு வாய்ப்பிருந்தது, அரை மணிநேரத் தூரத்தில் ஆடினார். அதனால்தான் அவரை எடுத்துக்கொண்டேன்.

2020-இல் ஜேடிடி லார்க்கினை விட்டு இஸ்கண்டார் புத்ரியில் புதிய சுல்தான் இப்ராஹிம் அரங்கத்துக்குப் போனது. அதே ஆண்டு பஹாங்கிலிருந்து மேத்யூ டேவிஸ் வந்தார், தேசிய அணியின் வலது பேக். குணாளன் மாற்று ஆட்டக்காரர் வரிசைக்குப் போனார். அந்த ஆண்டுகளில் அவர் வந்து ஆடிய நிமிடங்கள் பெரும்பாலும் முடிவு தெரிந்துவிட்ட ஆட்டங்களின் கடைசி நிமிடங்கள். யாருக்கும் எந்தக் கோபமும் இல்லாமல், ஒரு அறிவிப்பும் பெரிதாக இல்லாமல், ஓரத்திலிருந்து ஓரமாகவே விலகிப் போனார். புதிய அரங்கம் பெரியது, அழகானது. மாசாயிலிருந்து தூரம். மாமாவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டதால் அவர் அங்கே வந்ததே இல்லை.

போன தீபாவளி விடுமுறையில் ஹனோய் ஆட்டத்தை முழுசாக இணையத்தில் தேடிப் பிடித்தேன். யாரோ தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்து போட்டிருந்தார்கள், படம் மங்கல். மாமா வீட்டு டிவியில் போட்டு இருவரும் உட்கார்ந்தோம். முகநூல் பதிவைப் பற்றி அவரிடம் பேசிவிட வேண்டும் என்று ஒரு நினைப்பு இருந்தது, அவர் அதை எப்போதோ மறந்திருப்பார், பேசவில்லை. வியட்நாம் விடாமல் இடது, வலது என்று அழுத்திக்கொண்டிருந்தது. காமிரா பந்தோடு போய்க்கொண்டே இருந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பக்கத்து பேக் எங்கடா?"

"படத்துக்கு வெளிய இருக்காரு மாமா. பந்து இந்தப் பக்கம் இருக்கு."

"ம். உள்ள வந்து நின்னிருப்பான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப திரும்பிப் பாப்பான்" என்றார்.